எண்பத்திரண்டு கிலோவுக்கு ஒரு மாத்திரை

கோழிப்பண்ணைச் சங்கத்தின் முன்னாள் தலைவர் வெள்ளியங்கிரிக்கு எல்லாம் பெரிதாக இருக்க வேண்டும். ராசிபுரம் சாலையில் அவர் கட்டிய வீட்டில் ஆறு படுக்கையறைகள். படுக்க அவர் ஒருவர். மனைவி போய் நான்கு வருடம். மகள் சண்முகப்பிரியா டொரண்டோவில்; ஞாயிறுதோறும் போன் வரும்.

அப்படிப்பட்டவருக்கு இரத்த அழுத்தத்துக்கு டாக்டர் எழுதியது வெறும் ஐந்து மில்லிகிராம். பண்ணையில் தீவனம் அள்ளும் அம்மாசிக்குச் சர்க்கரைக்கு ஐந்நூறு!

"ஏனுங்க, உங்களுக்கு இத்துனூண்டு மாத்திரைதானுங்களா?" என்று அம்மாசி பரிதாபப்பட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நாற்பது வருடம் கோழிக்கு எடை பார்த்துத் தண்ணீர்த் தொட்டியில் மருந்து கலந்தவர். ஒன்றரைக் கிலோ கோழிக்கே பதினைந்து மில்லிகிராம் என்றால் எண்பத்திரண்டு கிலோத் தலைவருக்கு எவ்வளவு? எண்ணூற்றிருபது வந்தது. பெருந்தன்மையாகக் குறைத்துக்கொண்டு காலையில் ஆறு மாத்திரை விழுங்கினார்.

மத்தியானம் கூடம் சுற்றியது. சங்கத்தில் வாங்கிய கேடயங்கள் அடுக்கிய அலமாரிக்குக் கீழே விழுந்தார். எழ முடியவில்லை. அறுநூறு பேருக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்பும் போன் மேசைமேல் எட்டாமல் கிடந்தது. சாயங்காலம் அம்மாசி பண்ணைச் சாவி கொடுக்க வரும்வரை அவரை யாரும் தேடவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் மதுமதி சொன்னாள்:

"கோழிக்குப் போடறது வேற மருந்துங்க. சில மருந்து நூறு மில்லிகிராம்ல செய்யற வேலையை உங்க மாத்திரை அஞ்சுலயே செஞ்சிரும். அதுதான் வீரியம். அளவு மீறினா அழுத்தம் தரைக்கு வந்துரும். கூடவே நீங்களும்."

"அப்ப நம்மளது வீரியம் ஜாஸ்திங்களா?" முன்னாள் தலைவரின் முகத்தில் மூன்று நாளில் முதல்முறையாகத் தெளிவு.

"மருந்தோட வீரியமுங்க. இனி மாத்திரையை அட்டையோட ஒட்டுக்கா உங்க கைல தர முடியாது. ஊட்டுல தெனம் எடுத்துக் குடுக்க யாரு இருக்காங்க?"

"மாவட்டத்துல பாதிப்பேரு நம்மாளுங்கதான்."

"ஒருத்தர் பேரு சொல்லுங்க, போதும்."

அம்மாசியின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. ஐந்நூறு மில்லிகிராம்காரனிடம் போய்க் கைநீட்டுவதா என்று திரும்பிப் போய்விட்டது.

மதுமதி அட்டையிலிருந்து ஏழு மாத்திரையைக் கத்தரித்தாள். "வாராவாரம் திங்கக்கிழமை வந்து வாங்கிக்கங்க."

வெள்ளியங்கிரி அதைத் தொடவில்லை.

"ஒவ்வொண்ணா வாங்கிக்கலாமுங்களா? தெனம் வாரேன்."

"இருபது கிலோமீட்டருங்க, தெனமுமா?"

"கார் சும்மாத்தான் நிக்குது சாமி. எத்தனை மணிக்கு வந்தா நீங்க இருப்பீங்க?"