பெட்டிப் படம்

படம் எப்படி என்று யார் கேட்டாலும் முதலில் மோசம் என்றுதான் சொல்வேன். நல்ல படமானாலும் அப்படித்தான். எடுத்த எடுப்பிலேயே புகழ்ந்துவிட்டால் அப்புறம் பேசுவதற்கு என்ன இருக்கிறது?

எங்கள் காயல்பட்டினத்தில் தியேட்டர் கிடையாது. அதனால் இங்கே யாரும் படமே பார்ப்பதில்லை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். நான் வாரத்துக்கு இரண்டு படம் பார்க்கிறேன். மதியம் லுஹர் தொழுது, சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சென்னையில் படிக்கும் மகள் யுஸ்ரா வாங்கித் தந்த டேப்லெட்டை அரிசி டின்மேல் சாய்த்துவைத்து உட்கார்ந்தால் சாயங்காலத் தொழுகைக்கான அஸர் பாங்குக்குள் ஒரு படம் முடிந்துவிடும்.

முடிந்த கையோடு சவூதியில் தம்மாமுக்கு வாய்ஸ் நோட் போகும். அங்கே என் மாப்பிள்ளை காஜா முஹ்யித்தீன் இருந்தார். கணவரை எங்கள் ஊரில் மாப்பிள்ளை என்றுதான் சொல்வோம், கிழவரானாலும். “அஸ்ஸலாமு அலைக்கும். படம் மோசம்.” இப்படித் தொடங்கி, கதை முழுவதையும் சொல்லி, எந்த இடத்தில் சொதப்பினான் என்றும் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆகும்.

போன வருஷம் நம் கடற்கரையில் எடுத்தோம் என்று ஒரு படம் வந்தது. ஹீரோ ஒரே முங்கில் கை நிறைய முத்தை அள்ளிக்கொண்டு வருகிறான். “முத்துக் குளிப்பு நின்னு எத்தன காலமாச்சு. அங்கன முத்து குமிஞ்சு கெடக்குன்னு நம்ம ஊர்க்காரன் ஒருத்தனுக்கும் தெரியாமப் போச்சே” என்றேன். இன்னொரு படத்தில் உப்பளத்து வேலைக்காரி என்று ஒரு பெண்ணைக் காட்டினார்கள். அவள் பாதத்தைப் பார்த்தால் செருப்பில்லாமல் வாசல்படி இறங்கியவள் மாதிரிகூட இல்லை. மூன்றாவதில் ஹீரோ இடைவேளை முதல் கடைசிவரை அழுதான். “அவன் அழுத நேரத்துக்கு வெங்காயம் உரிச்சிருந்தா அந்தத் தெருவுக்கே பிரியாணி போட்டிருக்கலாம்” என்றேன்.

எல்லாவற்றுக்கும் அவரிடமிருந்து ஒரே பதில்தான் வரும். “நீ சொன்னது சரிதான் ருகையா.” பன்னிரண்டு வருஷமாக ஒருமுறைகூட மாற்றிச் சொன்னதில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ரசனை அப்படி ஒன்றாகப் பொருந்திப்போயிருக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை.

அந்த மனுஷர் போன மாதம், இனிப் போவதில்லை, முடித்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி வந்து இறங்கினார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சந்தோஷமில்லை என்று சொல்லவில்லை. ஆனால் கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் நாங்கள் ஒரே கூரைக்குள் இருந்த நாட்களைக் கூட்டினால் மூன்று வருஷம் தேறாது. லீவில் வந்தால் விருந்து, சொந்தபந்தம், ஆஸ்பத்திரி, அதற்குள் டிக்கெட் தேதி வந்துவிடும். எங்கள் ஊரில் பெண் தாய்வீட்டைவிட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் என் வீட்டில் அவர் இன்னும் விருந்தாளிதான். தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கேட்டுத்தான் குடிப்பார்.

வந்து மூன்று வாரம் ஆயிற்று. மோட்டார் ஓடுகிறதா, மீன்காரர் வந்தாரா, யுஸ்ரா பேசினாளா, இவ்வளவுதான் பேச்சு. படத்தைப் பற்றிப் பேசலாமென்று வாயைத் திறந்தால் எதிரில் ஆள் உட்கார்ந்திருக்கிறார், எனக்கு நாக்கு எழவில்லை. அவரும் செய்தித்தாளைத் திருப்பித் திருப்பி மடிப்பார்.

எல்லாவற்றையும்விட அவர் கொண்டுவந்த பெட்டிதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. வந்த அன்று அறைச் சுவரோரம் நிறுத்தியவர் அதை அங்கிருந்து நகர்த்தவே இல்லை. பீரோவில் இரண்டு தட்டு ஒழித்துக் கொடுத்திருந்தேன். ஒரு சட்டை அதில் ஏறவில்லை. வேண்டிய துணியைப் பெட்டியிலிருந்து எடுத்து உடுத்திக்கொண்டு மறுபடி ஜிப்பை இழுத்து மூடிவிடுவார். இதற்கு நடுவில் தோஹாவிலிருந்து யாரோ வேலைக்குக் கூப்பிட்டார்கள். “யோசிச்சுச் சொல்லுதேன்” என்று அவர் போனில் சொன்னது அடுக்களைக்குக் கேட்டது. போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருபத்து மூன்று வருஷமாகச் சொல்லாததை இப்போது எந்த வாயால் சொல்ல?

எங்களுக்குப் பொதுவாக இருந்தது படம் ஒன்றுதான். அதையும் விட்டால் இவர் தோஹாவுக்குப் பெட்டியைத் தூக்கிவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகப் பட்டது. சனிக்கிழமை தூத்துக்குடிக்குக் காலைக் காட்சி போவோமா என்று கேட்டேன். “போவமே” என்றார்.

பஸ்ஸில் முக்காணி தாண்டி, பழையகாயல் தாண்டி, உப்பளம் வரும்வரை இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போனோம். தியேட்டரில் படம் தொடங்கியது. அண்ணன் தம்பிச் சண்டை, நடுவில் ஒரு போலீஸ்காரர். நான் ஓரக்கண்ணால் இவரைப் பார்த்தேன். திரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “படத்தப் பாருங்க” என்றேன். திரும்பிக்கொண்டார்.

இடைவேளையில் டீ வாங்கப் போன இடத்தில் ஒருத்தர் ஓடி வந்து இவரைக் கட்டிப்பிடித்தார். தூத்துக்குடிக்காரர், பெயர் இனிகோ. தம்மாமில் ஒரே அறையில் இருந்தவராம், லீவுக்கு வந்திருக்கிறாராம்.

“பாய், நீங்க இல்லாம ரூமே செத்துப்போச்சு. வெள்ளிக்கிழம சாப்ட்டுட்டு எல்லாரும் அவனவன் போன நோண்டுதானுவ. படம் சொல்ல ஆளில்ல” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “அக்கா, பாய் படம் சொன்னா தியேட்டரே வேண்டாம். ஹீரோ அழுத நேரத்துக்கு வெங்காயம் உரிச்சிருந்தா தெருவுக்கே பிரியாணி போட்டிருக்கலாம்னு சொன்னாரு பாருங்க, எங்களுக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சிட்டு. முத்து எடுக்குற படத்துக்கு ஒண்ணு சொன்னாரு, நான் கடக்கரக்காரன், எனக்கே அது தோணல.”

என் டீ ஆறிக்கொண்டிருந்தது. அத்தனையும் நான் சொன்னது, ஒரு சொல் பிசகாமல். இவர் தலையைக் குனிந்து டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனிகோ விடவில்லை. “அந்தப் பெட்டிப் படம் சொன்ன அன்னிக்கு ரூம்ல ஒருத்தன் பாக்கியில்லாம அழுதான் அக்கா. வெளிநாட்டுல சம்பாதிக்குற சபுராளி ஒருத்தன் வீட்டுக்கு வாரான். பொண்டாட்டி ஒண்ணும் பேசல. அவன் பெட்டிய எடுத்து, துணியெல்லாம் வெளிய வச்சிட்டு, வெறும் பெட்டியத் தூக்கிப் பரண்ல போடுதா. இனி இது எறங்காதுன்னு மட்டும் சொல்லுதா. லீவுக்கு வந்ததும் மொத வேலயா அந்தப் படத்தப் பாத்தேன். அந்த ஸீனே இல்லியே பாய், வெட்டிட்டானுவளா?”

“வெட்டிருப்பானுவ” என்றார் இவர்.

அந்த ஸீனை எவனும் வெட்டவில்லை. அந்தப் படத்தில் அப்படி ஒரு ஸீன் கிடையாது. அதில் சபுராளி வந்ததும் ஒரு பாட்டு வரும், அவ்வளவுதான். வாய்ஸ் நோட் பேசிக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நானாக அதைச் சேர்த்துவிட்டேன். ஏன் சேர்த்தேன் என்று அன்றைக்கு யோசிக்கவும் இல்லை. வழக்கம்போல, நீ சொன்னது சரிதான் என்று பதில் வந்தது.

இடைவேளைக்குப் பிறகு அண்ணன் செத்தானா தம்பி செத்தானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வெளியே வந்து பஸ் ஏறி உட்கார்ந்ததும் கேட்டேன்.

“அப்ப நீங்க ஒரு படமும் பாத்ததில்ல, அப்படித்தான?”

“எட்டுப் பேரு ரூம்ல எங்க உக்காந்து பாக்க? நீ சொல்லுததக் கண்ண மூடிட்டுக் கேப்பேன். அது போதும்.”

“என் சத்தத்த அத்தன ஆம்பளைக்கும் கேக்க விட்டியளா?”

“ஒருத்தனுக்கும் விடல. இயர்போன்லதான் கேப்பேன். பொறவு நானாட்டு அவங்களுக்குச் சொல்லுவேன். பேரு எனக்கு வந்துட்டு, அது தப்புதான்.”

கோபத்தை எதில் வைப்பதென்று தெரியாமல் புர்காவின் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டேன். பன்னிரண்டு வருஷம் ஒரே ரசனை என்று பெருமைப்பட்டது வீணாகப் போயிற்றே என்று அழுகையும் வந்தது.

“ஒரே ஒரு படம் பாத்திருக்கேன்” என்றார். “பெட்டிப் படம். ரெண்டு தடவ பாத்தேன். நீ சொன்ன ஸீன் எங்கனயும் இல்ல. மறுநாளே வேலய விடுதேன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன்.”

பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்டார். எடுத்தோம். அவர் நகர்ந்த பிறகு கேட்டேன்.

“பொறவு ஏன் பெட்டி அங்கனயே நிக்கி? தோஹாக்காரர்ட்ட ஏன் யோசிச்சுச் சொல்லுதேன்னிய?”

“நீ தூக்கி மேல போடுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் ருகையா. மூணு வாரமாச்சு. ஒருவேள அது வேற ஏதோ படத்துல உள்ள ஸீன்தானோன்னு ஆயிட்டு.”

“என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?”

“கேட்டா நீ செய்வ. கேட்டுச் செஞ்சா அது என்ன ஸீனு?”

வீட்டுக்கு வந்ததும் புர்காவைக்கூடக் கழற்றவில்லை. பெட்டியைத் திறந்து சட்டைகளைப் பீரோவில் அடுக்கினேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். வெறும் பெட்டியே அவ்வளவு கனம். இவர் ஓடி வந்து ஸ்டூலைப் பிடித்தார். “அவ தனியாத்தான் தூக்குனா, விடுங்க” என்றேன். விடவில்லை. பரணில் பழைய பாய்களுக்குப் பின்னால் அதைத் தள்ளிவிட்டு, “இனி இது எறங்காது” என்றேன். குரல் நடுங்கிவிட்டது. படத்துக்காரி நடுங்காமல் சொன்னதாகத்தான் நான் சொல்லியிருந்தேன்.

அவர் அடுக்களைக்குப் போய், யாரிடமும் கேட்காமல் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வந்தார்.

“இன்னிக்குப் படம் மோசம்” என்றேன்.

“எனக்குப் பிடிச்சிருந்துது” என்றார்.

“என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்த ஆளுக்குப் படத்தப் பத்தி என்ன தெரியும்?” என்று நான் தொடங்கினேன். அவரும் விடவில்லை, அந்தப் போலீஸ்காரர் நன்றாக நடித்தார் என்று ஒரே பிடியாக நின்றார். அஸர் பாங்கு சொல்லும்வரை சண்டை போட்டோம்.