ஈசானி மூலைக்கு ஓடிய தண்ணீர்

கொத்தனார் பொன்னழகு குளியலறைத் தரைக்கு வழவழப்பான டைல்ஸ் ஒட்டி முடித்ததாகச் சொன்னார். நான் நம்பவில்லை. ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, எங்கே போகிறதென்று குத்தவைத்துப் பார்த்தேன். தண்ணீர் வெளியேறும் ஓட்டை தென்மேற்கு மூலையில் இருந்தது. தண்ணீரோ வடகிழக்கில் போய்க் குளமாக நின்றது.

"என்னப்பு, தண்ணி இங்கிட்டுப் போகுது?"

"உங்க மகன்தான் சொன்னாரு. வாஸ்துப்படி தண்ணி ஈசானி மூலைக்குத்தான் ஓடணுமாம்."

"ஓட்டையையும் அங்கிட்டே வைக்கிறதுதானே?"

"சாக்கடை தெக்கால இருக்கே, பெரியவரே."

இதே இடத்தில் வழுக்கி விழுந்துதான் என் பெண்டாட்டி மாயக்காளுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. மறுநாள் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள்.

மகன் முத்துக்கிருஷ்ணனைக் கூப்பிட்டேன்.

"ஏலே, அந்த மூலையில செத்த நேரம் நில்லு."

வெறுங்காலோடு போனவன் வழுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"உங்க ஆத்தா ரெண்டு கையாலயும் வாக்கரப் பிடிச்சிருப்பா. அவ எதப் பிடிப்பா?"

அவன் வெளியே வந்து பொன்னழகிடம் சொன்னான்.

"எல்லாத்தையும் பேத்துருங்கண்ணே. சொரசொரப்பான கல்லு போடுங்க, தண்ணி ஓடுற வாட்டம் ஓட்டையப் பாத்து இருக்கட்டும்."

"வாஸ்துக்காரரு கேட்டா?" என்றார் பொன்னழகு.

"அவரு வீட்டுல போயிக் குளிக்கச் சொல்லு" என்றேன்.

பொன்னழகு உளியை எடுத்தார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய், மாயக்காளை இன்னும் நாலு நாள் வைத்திருக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.