நீண்ட சூரா ஓதும் வெள்ளி

பள்ளிவாசலில் தொழுகை தொடங்கும் இகாமத் கேட்கும்வரை நுஸ்ஹா கேட்டுக்கு உட்புறமாக முருங்கை மரத்தடியில் நின்றாள். மழை விட்டும் இலைகள் சொட்டிக்கொண்டிருந்தன. கறுப்பு அபாயா, கறுப்பு முக்காடு, கறுப்புச் சப்பாத்து. சற்று முன்புதான் மூத்தவளின் புருஷன் சரீப் மச்சான் டோர்ச் வெளிச்சத்தை நிலத்தில் அடித்தபடி அவளை உரசுவதுபோல நடந்து, கேட்டைத் திறந்து, பள்ளிப் பக்கம் போனார். அவளைக் காணவில்லை. மாரி பிடித்ததிலிருந்து ஒருநாளும் கண்டதில்லை. அவள் ஓட்டத்தை விட்டுவிட்டாள் என்றே அவர் நினைத்திருந்தார்.

பாலமுனையில் ஒரு பெண் ஓடுவதற்கு ஒரு நேரம்தான் உண்டு என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். ஆண்கள் எல்லாரும் பள்ளிக்குள் வரிசையில் நிற்கும் நேரம். பாங்கு சொன்னதும் தன் தொழுகையை முடித்துக்கொண்டு வந்து நிற்பாள். அவர்கள் தொழுகைக்குக் கையைக் கட்டியதும் புறப்பட்டு, ஸலாம் கொடுத்து முடிக்குமுன் திரும்பிவிட வேண்டும். மற்ற நாட்களில் அந்த இடைவெளி இறந்தவர்களை அடக்கும் மையவாடி மதிலுக்குப் போய்வரத்தான் காணும். வெள்ளிக்கிழமை அப்படியில்லை. வெள்ளி சுபஹில், அந்த விடியற்காலைத் தொழுகையில், தொழுவிக்கும் ஹஸரத் குர்ஆனின் நீண்ட ஸஜ்தா சூராவை ஓதுவார். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி ஓதி, நடுவில் எல்லாரையும் ஒருதரம் நெற்றி நிலத்தில் பட ஸுஜூதில் இறக்கி எழுப்புவார். காலுளைவுக்காரக் கிழவர்கள் பின்னால் முணுமுணுப்பார்கள். அந்த நீளத்தில் அவள் கடலுக்கு வடியும் தோணாவின் பாலம்வரை ஓடித் திரும்பிவிடுவாள்.

முன்பு ஏன் ஓடுகிறாய் என்று கேட்டவர்களுக்குச் சீனி வருத்தம் என்று சொல்லியிருந்தாள். சீனியும் இருந்ததுதான். ஆனால் உம்மா தன் வளவுக் காணியை இரண்டாக வெட்டி மூத்தவளுக்கும் இளையவளான இவளுக்கும் சீதனமாகக் கொடுத்தபோது, இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவரும், முன்னால் ஒற்றைக் கேட்டும்தான் வைத்தார். இந்தப்பக்கம் இருமினால் அந்தப்பக்கம் மூத்தவளான ராத்தா, "மருந்து குடிச்சயா?" என்பாள். குரல் உயர்ந்தால் மறுநாள் ராத்தாவின் புருஷன் சரீப் மச்சான் முற்றத்தில் நின்று, குடும்பம் நடத்துவது எப்படி என்று பொதுவாகக் காற்றுக்குச் சொல்லுவார். பாலத்தில் குனிந்து நின்று மூச்சு வாங்கும்போது அந்த மூச்சை அவள் மட்டுமே கேட்டாள். அதற்காகத்தான் ஓடினாள்.

முதலில் விடிந்த பிறகுதான் ஓடினாள். மாமி முறையான ஒருத்தி கண்டுவிட்டு வந்து சொன்ன அன்று ராத்தா சுவரோரம் நின்று, "ஒன்ன நாயா துரத்துது, இப்பிடி ஓடுற?" என்று கேட்டுச் சிரித்தாள். மச்சான் சிரிக்கவில்லை. பள்ளி நிருவாகத்தில் இருக்கிற தன் முகத்தை நினைத்துப் பார்க்கச் சொன்னார். அதோடு அவள் இருட்டுக்குள் இறங்கினாள்.

கணவன் பஸாலுக்கு மட்டும் தெரியும். கட்டாரிலிருந்து முதுகு நொந்து திரும்பி வந்தவன், தொழுவதும் வீட்டிலேதான். நேற்றிரவு பெட்டியைக் கிளறி, அங்கே வேலைத்தளத்தில் போட்ட பச்சை அங்கியை எடுத்து அவள் முன்னால் போட்டான். முன்னும் பின்னும் வெளிச்சம் பட்டால் மின்னும் வெள்ளிப் பட்டி வைத்தது. வாகனம் ஓடுகிறவனுக்கு ஆளைத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் ஒருநாள் உன்னைச் சாக்கில்தான் அள்ளவேண்டும் என்றான்.

"வாகனத்துக்குத் தெரிஞ்சா ஊருக்கும் தெரியும்" என்றாள்.

"அப்ப ஓடாத."

சுவருக்கு அந்தப்பக்கம் கேட்காமலிருக்க இருவரும் குரலை அடக்கியே சண்டை பிடித்தார்கள். அடக்கிய குரலில் சொன்னவை எல்லாம் இன்னும் கூர்மையாக இறங்கின. அங்கியை அவள் கதவின் பின்னால் ஆணியில் கொழுவிவிட்டுப் படுத்தாள்.

இகாமத் முடிந்தது. கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுக் கடற்கரை வீதியில் ஓடத் தொடங்கினாள். வீதி விளக்கு ஒன்றும் எரியவில்லை. வாடைக் காற்று அபாயாவைக் காலோடு சுற்றியது. இருட்டில் ஓடுவதற்குச் சில பழக்கங்களை அவளே உண்டாக்கியிருந்தாள். பார்ப்பதை விட்டுக் காதைத் தீட்டிக்கொள்வது. நாய் குரைத்தால் ஓடாமல் நடப்பது. தூரத்தில் வெளிச்சம் தெரிந்தால் வீதியை விட்டு இறங்கித் தாழம்பற்றைக்குள் குந்திவிடுவது. முள் கிழித்த கோடுகள் கணுக்கால் முழுக்க இருந்தன. சமையலுக்கு விறகு முறிக்கையில் கிழித்தது என்று ராத்தாவுக்குச் சொல்லியிருந்தாள்.

பாலத்தில் தோணாத் தண்ணீர் கரையை முட்டி நின்றது. குனிந்து மூச்சு வாங்கினாள். வெள்ளிக்கிழமைதானே என்று வழமையைவிடக் கொஞ்சம் கூடவே நின்றாள்.

ஹஸரத் வியாழன் பின்னேரமே யாரோ இறந்த மௌத்து வீடொன்றுக்காகத் தன் ஊருக்குப் போயிருந்தார். அது இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பிறகு பள்ளியில் சொல்லப்பட்ட செய்தி. ஆண்களுக்கு மட்டும் தெரிந்த செய்தி. அன்று அவருக்குப் பதிலாகத் தொழுவித்த, பாங்கு சொல்லும் மோதினார், மழையையும் கிழவர்களையும் பார்த்து, சின்னச் சூராக்களோடு சீக்கிரமே முடித்துவிட்டார்.

திரும்பி மையவாடி மதிலுக்குக் கிட்ட வந்தபோது எதிரே வெள்ளையாக நாலைந்து உருவங்கள் அசைவதைக் கண்டாள். வெள்ளிதோறும் சுபஹுக்குப் பிறகு இறந்தவர்களுக்காக வேண்டக் கபுறடிக்கு வரும் கூட்டம். முன்னால் ஆடிவந்த டோர்ச்சின் ஆட்டத்தை வைத்தே அது யார் என்று தெரிந்துவிட்டது. இறங்கி மறைவோம் என்று இடப்பக்கம் பார்த்தாள். பற்றை இருந்த இடத்தில் வெள்ளம் நின்றது. பள்ளம் எவ்வளவு என்று தெரியாது. அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் டிப்பரின் சத்தம் கேட்டது. பொலிஸ் எழும்புமுன் கள்ள மண் ஏற்றிக்கொண்டு பறக்கும் டிப்பர்களில் ஒன்று. அதன் வெளிச்சம் அவர்களின் வெள்ளை ஜுப்பாக்களில் பட்டதும், அவர்களுக்கு விலகி அது இடப்பக்கம் ஒதுங்கியது. அவள் நின்ற பக்கம்.

வெள்ளையைத்தான் சாரதி கண்டிருந்தான். அவனுக்கு இந்தப்பக்கம் வெறும் இருட்டு.

யோசிக்க நேரமில்லை. கையிலிருந்த போனின் விளக்கைத் தட்டி, திரும்பி, தன் முகத்தில் பிடித்தாள்.

பிரேக் கிறீச்சிட்டது. நனைந்த மண் வண்டியிலிருந்து சரிந்து கொட்டியது. டிப்பர் அவளுக்குக் கை நீட்டும் தூரத்தில், முன்சில்லு வெள்ளத்தில் பதிய, நின்றது. சாரதி தலையை நீட்டி, "கறுப்பப் போத்திக்கிட்டு நடுரோட்டுல நிக்கிறியே, சாகணுமெண்டா கடல் அங்கால கிடக்கு" என்று கத்தினான். அவள் விளக்கை அணைக்கவில்லை.

வெள்ளை உருவங்கள் அப்படியே நின்றன. யாருடைய பிள்ளை என்று ஒருவர் கேட்டார். பிறகு சரீப் மச்சான் அவளைப் பார்க்காமல் சொன்னார்.

"எங்கட ஊட்டுப் புள்ளதான். தலைக்குச் சுகமில்ல. தெரியாம வெளிக்கிட்டுத்து."

அவர் குரலில் ஒரு பாரம் இறங்கிய ஆறுதல் இருந்தது. ஊருக்குச் சொல்ல அவருக்கு ஒன்று கிடைத்துவிட்டது.

"எனக்குத் தலையில ஒண்டுமில்ல மச்சான்" என்றாள் நுஸ்ஹா. "நான் தெரிஞ்சுதான் வெளிக்கிட்ட."

அவர் வீடுவரை அவள் பின்னாலேயே நடந்து வந்தார். டோர்ச் வெளிச்சத்தை நிலத்தில் அடிக்காமல் அவள் முதுகில் அடித்துக்கொண்டே வந்தார். அவள் நிழல் முன்னால் நீண்டு போய்க்கொண்டிருந்தது. விடியப் பல் துலக்க வெளியே வந்தவர்கள் படலைகளில் நின்று பார்த்தார்கள்.

முற்றத்தில் அவர் பஸாலிடம் கொஞ்சம்தான் கதைத்தார். பொண்டாட்டியை அடக்கத் தெரியாதவன் கட்டாரிலேயே இருந்திருக்கலாம் என்றார். பஸால் தலையைக் குனிந்தபடி, "லைட்டு இல்லாமப் போனதுதான் பிழை காக்கா" என்றான். அது அவளுக்காகச் சொன்னதா, அவளைக் குத்திச் சொன்னதா என்று பகல் முழுக்க அவளால் தீர்மானிக்க முடியவில்லை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கேட்டில் புதுப் பூட்டுத் தொங்கியது. திறப்பு ஒன்றுதான், அது மச்சானின் இடுப்புப் பட்டியில். கள்ளர் பயம் கூடிவிட்டதாம். ராத்தா அன்று சுவரோரம் வரவே இல்லை.

சனி சுபஹு. சரீப் மச்சான் குடையை விரித்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். மழை தூறியது. கேட்டுக்கு வந்து திறப்பை எடுத்துக்கொண்டு டோர்ச்சைத் தூக்கியவர் கண்ணைப் பொத்திக்கொண்டார். பூட்டுக்கு முன்னால், அபாயாவின் மேல் பச்சை அங்கியைப் போட்டு அவள் நின்றாள். வெள்ளிப் பட்டிகள் அவர் வெளிச்சத்தை அவர் முகத்துக்கே திருப்பி அடித்தன.

"உள்ளுக்குப் போ."

அவள் அசையவில்லை. அவளைத் தாண்டாமல் பூட்டை எட்ட முடியாது. திறக்காவிட்டால் அவருக்குப் பள்ளித் தொழுகை தப்பும்; திறந்தால் முதலில் வெளியே போகிறவள் அவள்தான். அவளுக்குப் பின்னால், இருட்டான வாசற்படியில் பஸால் வந்து நிற்பது அவளுக்குக் கேட்டது. எந்தப் பக்கம் நிற்கிறான் என்று தெரியவில்லை.

பள்ளியில் இகாமத் தொடங்கியது. மச்சானின் விரல்களுக்கிடையில் திறப்பு நனைந்துகொண்டிருந்தது.