நாலு புள்ளி இரண்டு

விதைக் கிடங்குக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தவரைச் சுற்றி ஒரு முழத் தூரத்துக்கு எப்போதும் நாலு புள்ளி இரண்டு டிகிரிதான். வெயில் மண்டையைப் பிளக்கும் மாதத்திலும் அவருடைய சட்டைப் பொத்தான்களில் நீர் கோத்திருக்கும். ஏழு வருடமாக இப்படித்தான். பஸ்ஸில் அவர் பக்கத்து இருக்கைக்குக் கோடையில் தள்ளுமுள்ளு நடக்கும், குளிர்காலத்தில் ஈ காக்கை உட்காராது. வீட்டு ஃபிரிட்ஜ் பழுதான அன்று மனைவி பால் பாக்கெட்டுகளை அவர் மடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். அவர் சாயங்காலம்வரை அவற்றைச் சுமந்தார். தனக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும் என்று இருந்தார்.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அக்காவின் கணவர்தான். கிடங்குக் காப்பாளரான அவர், இருபது வருடமாகக் காலையும் மாலையும் தெர்மாமீட்டரோடு மூட்டைகளுக்கு நடுவே நடந்தவர். அவருடைய மைத்துனரான இவர் உள்ளங்கை அளவில் இருபத்துநாலு சென்சார்களைச் சுவரெங்கும் பொருத்தினார். ஒயரே இல்லாமல், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் தன் மூலையின் குளிரை முன்னறைத் திரைக்குச் சொல்லும். "இனிமே நீங்க அலைய வேணாம் அத்தான், எல்லாம் திரையில வந்துரும்" என்று இவரே சொன்னார். முழங்கால் வலிக்காரரான அத்தானும் தெர்மாமீட்டரை ஆணியில் மாட்டிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தார்.

பதினேழாம் எண் மட்டும் முதல் நாளிலிருந்தே மக்கர் பண்ணியது. இரும்பு அடுக்குகளுக்குப் பின்னால் இருந்ததால் அதன் அலை பாதி நேரம் வெளியே எட்டாது, திரையில் அதன் கட்டம் சிவந்துவிடும். மேலதிகாரிகள் பார்வையிட வந்த அன்று அந்தச் சிவப்பு கண்ணை உறுத்தக்கூடாதே என்று இவர் புரோகிராமில் ஒரு வரி எழுதினார்: பதில் வராவிட்டால் கடைசியாக வந்த அளவையே காட்டு. பக்கத்திலேயே தனக்கு ஒரு குறிப்பும் எழுதினார்: இதை நாளைக்கு எடுத்துவிட வேண்டும். எந்த நாளைக்கு என்று எழுதவில்லை.

பிறகு பதினேழின் பேட்டரி தீர்ந்தது. அந்த மூலையில் குளிர்க்குழாய் அடைத்துக்கொண்டு நாற்பது நாள் புழுங்கியது. திரை நாற்பது நாளும் நாலு புள்ளி இரண்டு என்றது. மூட்டைக்குள்ளேயே விதைகள் முளைத்து, அழுகி, நாறின. விசாரணையில், குளிர் குறையவில்லை என்றால் ஈரக்காற்றுதான் புகுந்திருக்கும், காப்பாளர் பின்கதவைச் சாத்தாமல் விட்டிருப்பார் என்று முடிவு கட்டினார்கள். கருவி பொய் சொல்லுமா என்று புரோகிராமரைக் கேட்டார்கள். சொல்லாது என்றார். அதுவரைக்கும் உண்மைதான், பொய் சொன்னது அவர் எழுதிய வரி. அத்தான் இவரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். படியிறங்கும்போதே இவருக்குக் குளிர ஆரம்பித்துவிட்டது.

வேலை போன அத்தான் நாலு வருடம் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இயக்கினார். அக்கா, தம்பி இப்படி விறைத்துக் கிடக்கிறானே என்று ஒரு ஸ்வெட்டர் பின்னினாள். அதை அத்தானே கொண்டுவந்து கொடுத்தபோதுதான் இவருக்குத் தாங்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"பதினேழு செத்துப்போச்சு அத்தான். அந்த நாலு புள்ளி ரெண்டு நான் எழுதி வச்சது."

அத்தான் கோபப்படவில்லை. ஸ்வெட்டரைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அப்போ கதவ நான் சாத்தித்தான் வச்சேனா?"

நாலு வருடமாக அவரே தன்னை நம்பவில்லை என்பதும், எந்தக் கதவைச் சாத்தினாலும் திரும்பி வந்து இழுத்து இழுத்துப் பார்ப்பார் என்பதும் அப்போதுதான் இவருக்குத் தெரிந்தது. வெட்கத்தில் உடம்பே கூசிப்போனது. மறுநாளே எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இவருக்கு வேலை போனது, அத்தானுக்குத் திரும்பக் கிடைத்தது. குளிர் மட்டும் போகவில்லை.

இப்போது கிடங்கில் மின்சாரம் நின்றால் ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறார்கள். இவர் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்து, இரும்பு அடுக்குகளுக்குப் பின்னால் பதினேழுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருகிறார். அந்த மூலைக்கு அது போதும். அத்தான் தெர்மாமீட்டரை இவர் தோளருகே பிடித்துப் பார்த்து, "நாலு புள்ளி ரெண்டு, சரியா இருக்கு மாப்ள" என்கிறார். வெளியே போகும்போது கதவைச் சாத்தி, ஒரே ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்.