வலப்பக்கத்துப் பூ

எங்கள் எஸ்டேட் மாரியம்மன் எண்ணெய் குடிக்க ஆரம்பித்தது பங்குனி மாதத்தில். அதுவரை அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. ஆடிக்குக் கூழ், பொங்கலுக்கு ஒரு புடவை என்று கொடுத்ததை வாங்கிக்கொண்டு, கீழ் கோத்தகிரிச் சரிவில் தேயிலைக்கு நடுவே, தகரக் கூரையின் கீழ் அடக்கமாக உட்கார்ந்திருந்தாள்.

முதலில் அவள் குடித்தது என் அத்தை ராஜகுமாரி ஏற்றிய விளக்கில்.

அத்தை கொழுந்து பறிக்கிறவள். அவள் கணவர் செல்லதுரை மாமா, பறித்த கொழுந்தை ஃபாக்டரிக்கு ஏற்றிப்போகும் டிராக்டரை ஓட்டியவர். தை மாதம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷோடு சரிந்தார். பக்கவாதம். இடது கையும் இடது காலும் வேலைக்கு வர மறுத்துவிட்டன. யூனியன் செயலாளராக இருந்து எத்தனையோ வேலைநிறுத்தங்களை நடத்தியவர் அவர். தன் உடம்பே தன்னை எதிர்த்து ஒன்று நடத்தும் என்று எதிர்பார்த்திருக்கவில்லை.

மாமா சாமி கும்பிடாதவர். கோயில் வரியைக் கொடுப்பார், ரசீது கேட்பார், அத்தோடு சரி. அதனால் பூ கேட்க அத்தை தனியாகத்தான் போனாள்.

பூ கேட்பது சுலபம். பூசாரி முனியசாமி அம்மனின் இரண்டு தோள்களிலும் ஈரப் பூவை ஒட்டி வைப்பார். கேள்வியை மனதுக்குள் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். வலப்பக்கத்துப் பூ விழுந்தால் நடக்கும். இடப்பக்கம் விழுந்தால் நடக்காது. இரண்டுமே விழாவிட்டால் அம்மன் யோசிக்கிறாள், அடுத்த வாரம் வர வேண்டும். அரசாங்க ஆபீஸ் மாதிரிதான், ஆனால் இங்கே உட்கார இடம் உண்டு.

"ஆடி நோம்பிக்கு இந்த மனுசன் கோயிலுக்கு நடந்து வருவாரா?" என்பது அத்தையின் கேள்வி. கேட்டு முடிப்பதற்குள் வலப்பக்கத்துப் பூ பொத்தென்று விழுந்ததாம்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம், வேலை முடிந்த கையோடு, அத்தை ஒரு பெரிய அகலில் நல்லெண்ணெய் ஊற்றி அம்மனுக்கு முன் ஏற்றிவிட்டு வருவாள். காலையில் போய்ப் பார்த்தால் அகல் கவிழ்ந்து கிடக்கும். ஒரு சொட்டு இருக்காது. சோப்புப் போட்டுக் கழுவியது மாதிரி இருக்கும். திரியும் காணாமல் போயிருக்கும்.

"குடிச்சிட்டா!" என்று முனியசாமி அறிவித்தார். "ஆத்தா வாக்குக் குடுத்ததோட நிக்கலை, அட்வான்ஸும் வாங்கிட்டா."

மாமா கட்டிலில் கிடந்தபடி இதைக் கேட்டார்.

"தெனமும் இவ்ளோ எண்ணெய் குடிச்சா உன்ற அம்மனுக்குக் கொலஸ்ட்ரால் வந்துரும் புள்ள. அவளுக்கும் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சுன்னா அப்பறம் பூவை யாரு தள்ளறது?"

"வாதம் வந்ததுதான் வந்துச்சு, வாய்க்கு வந்துச்சா பாருங்க" என்று அத்தை கஞ்சியை ஆற்றினாள்.

நான் ஊட்டியில் கல்லூரியில் படிக்கிறேன். வெள்ளிக்கிழமை இறங்கி வந்தால் ஞாயிறு வரை மாமா வீட்டில்தான். நான் வரும் ஒவ்வொரு முறையும் அம்மனின் பக்தர்கள் பெருகியிருந்தார்கள். மகளுக்கு வரன், மகனுக்கு வேலை, பக்கத்து வீட்டுச் சேவல் சாகவேண்டும் என்று ஆளுக்கொரு வேண்டுதல், ஆளுக்கொரு அகல். கோயில் தரையில் கால் வைக்க இடமில்லை.

அப்போதுதான் அந்த அதிசயத்தின் அடுத்த கட்டம் தெரிந்தது. சில விளக்குகளை அம்மன் தொடுவதே இல்லை. பாட்டிலில் மலிவாக வரும் தீப எண்ணெயை ஊற்றியவர்களின் அகல் காலையில் அப்படியே இருந்தது. "வேண்டுதல்ல கலப்படம்" என்று முனியசாமி தீர்ப்புச் சொன்னார். சேவல் சாக வேண்டிக்கொண்டவர் தலையைக் குனிந்துகொண்டு போய் நல்லெண்ணெய் வாங்கினார்.

மளிகைக் கடை மோசஸ் என்னிடம் சொன்னார்: "நான் சர்ச்சுக்குப் போறவன் தம்பி, இதுல எனக்குக் கருத்துக் கெடையாது. ஆனா உங்க அம்மனுக்கு நல்ல நாக்கு."

மாமாவுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு மஞ்சள் ஸ்பாஞ்ச் பந்து கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு சிரிப்பு முகம். இடது கையால் அதை அமுக்க வேண்டும், சுவரில் காலைத் தேய்த்துத் தேய்த்துத் தூக்க வேண்டும். காலையில் அத்தை கோயிலிலிருந்து வந்ததும் மாமா கேட்பார்: "என்ன, இன்னைக்கும் குடிச்சாளா உன்ற சினேகிதக்காரி?" குடித்தாள் என்று தெரிந்ததும் ஒரு கிண்டல் அடிப்பார். அடித்துவிட்டுப் பந்தை எடுப்பார். அந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை. நான் அதைக் கவனித்தேன், ஆனால் ஒன்றும் புரிந்துகொள்ளவில்லை. கல்லூரியில் அதற்குப் பாடம் இல்லை.

சித்திரை முடியும்போது மாமா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வைகாசியில் கட்டிலிலிருந்து ஜன்னல் வரை போனார்.

எல்லாவற்றையும் கெடுத்தது முனியசாமியின் லட்சியம். அம்மன் எண்ணெய் குடிப்பதை வீடியோவாகப் போட்டால் கோயம்புத்தூரிலிருந்து பஸ் பஸ்ஸாக வருவார்கள் என்று அவர் நம்பினார். கோத்தகிரி பஜாரில் கேமரா மாட்டும் இக்ராமை வரவழைத்து, அம்மனுக்கு எதிரே ஒன்றை மாட்டச் சொன்னார்.

மறுநாள் சனிக்கிழமை காலை. கோயில் வாசலில் தொழிலாளர் லைன் வீட்டு ஜனம் முழுக்கக் கூடியிருந்தது. இக்ராம் லேப்டாப்பைத் திறந்து தான் மட்டும் கொஞ்சம் பார்த்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

"பூசாரி, நான் எதுவும் சொல்லலீங்க" என்றான். "கேமராதான் சொல்லுது."

திரையில் விடியப் போகிற நேரம். கிரில் கேட்டின் கொக்கி தானாக மேலே தூக்கிக்கொண்டது. பிறகுதான் அதைத் தூக்கிய மூக்கு தெரிந்தது. மூக்குக்குப் பின்னால் ஒரு கரடி. கரடிக்குப் பின்னால் ஒரு குட்டி. பழகிய ஓட்டலில் நுழைகிறவரைப்போல் நேராக அத்தையின் அகலுக்குப் போய், நிதானமாகக் குடித்து, திரியைச் சப்பி முழுங்கி, அகலைக் கவிழ்த்து அடியையும் நக்கியது. பிறகு வரிசையாக மற்றவர்கள் விளக்கு. தீப எண்ணெய் அகலை முகர்ந்து ஒரு தும்மல் போட்டு நகர்ந்தது. குட்டி பூசாரி உட்காரும் பலகையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

முனியசாமிதான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"ஆத்தா... கரடி ரூபத்துல..."

"அப்ப அந்தக் குட்டி யாருங்க?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

அதற்குமேல் சிரிப்பை அடக்க யாராலும் முடியவில்லை. சிரித்து முடித்ததும்தான் அவரவர் வேண்டுதல் அவரவர் நினைவுக்கு வந்தது. ஒவ்வொருவராகத் தங்கள் அகலைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மாமா இதைக் கேட்டால் ஒரு வாரத்துக்குச் சிரிப்பார் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். வாக்கரோடு வாசலில் நின்றிருந்தார். நடித்தே காட்டினேன், தும்மலைக்கூட விடவில்லை.

மாமா சிரிக்கவில்லை. "கரடியா?" என்று மட்டும் கேட்டார். மெல்லத் திரும்பிப் போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பந்து கீழே விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது. அவர் எடுக்கச் சொல்லவில்லை.

அன்று உடற்பயிற்சி இல்லை. அடுத்த நாளும் இல்லை. அடுத்த வாரம் நான் வந்தபோது வாக்கரில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

"உங்களுக்குத்தான் இதுல நம்பிக்கையே இல்லையே மாமா" என்றேன்.

"யாரு இருக்குதுன்னு சொன்னா?" என்றார் சுவரிடம். "ஒரு மயிரும் இல்ல. போடா."

எங்கள் லைனிலேயே அம்மனை அதிகமாக நம்பியவர் யார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மற்றவர்கள் எண்ணெய்தான் கொடுத்தார்கள். இவர் தன் காலையே நம்பிக் கொடுத்திருந்தார்.

ஃபாரஸ்ட் கார்டு வந்து, கோயிலில் எண்ணெய் வைத்துவிட்டுப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை சரி என்றாள். அன்று முதல் சாயங்காலம் விளக்கை ஏற்றி, எரிந்து முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, அகலைத் துடைத்து முந்தானையில் சுற்றி எடுத்து வந்தாள். போகும் வழியில் பையன்கள் "கரடியாத்தா" என்று கூப்பிட்டார்கள். "ஏஞ்சாமி?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஒருநாள் அவள் அகலோடு உள்ளே வந்தபோது மாமா பொறுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னும் என்னத்துக்கு அங்க போற? உன்ற அம்மன்தான் ஏமாத்திப் போட்டாளே!"

"அவ என்ன ஏமாத்துனா?"

"கரடி புள்ள! கரடி!"

"ஆமா, எண்ணெயக் குடிச்சது கரடி. பூவைக் குடுத்தது அவ. ரெண்டையும் எதுக்குங்க போட்டுக் கொழப்பிக்கறீங்க?"

"பூ காத்துல உழுந்திருக்கும்."

"காத்தடிச்சா எடதுபக்கத்துப் பூவும் உழுந்திருக்கோணுமல்லோ? அது ஒட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

அத்தை குனிந்து, துடைப்பத்தை விட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து பந்தைத் தள்ளி எடுத்தாள். சிரிப்பு முகத்தில் ஒட்டியிருந்த தூசியைப் புடவையில் துடைத்தாள்.

"நீங்க ஒண்ணும் நம்ப வேண்டாமுங்க. நம்பறது எம்பட வேலை. இதை அமுக்கறது உங்க வேலை. அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாத்தாப் போதும்."

வேலைப் பிரிவினை என்று வந்துவிட்டால் யூனியன்காரரால் மறுக்க முடியாது. மாமா கையை நீட்டினார்.

ஆடி நோம்பி அன்று சாரலும் காற்றுமாக இருந்தது. அத்தை மாமாவுக்குப் புது வேட்டி கட்டிவிட்டாள். வீட்டிலிருந்து கோயிலுக்குப் பாதை இறக்கம், நடுவில் குழாயடி. லைன் ஜனம் முழுக்க வேறு வேலையாக நிற்பதுபோல் வெளியே நின்றது. கொட்டுகிற சாரலில் ஒருவர் துணி காயப்போட்டார். எல்லோரும் அகலைப் பொறுக்கிக்கொண்டு போனவர்கள்தான்.

மாமா இறங்கினார். வாக்கர், வலது கால், பிறகு இழுத்துக்கொண்டு இடது கால். நானும் அத்தையும் பின்னாலேயே போனோம். கீழே கொட்டுச் சத்தம் கேட்டது. குழாயடி வந்தது. அங்கே இடது முழங்கால் நடுங்க ஆரம்பித்தது. நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி முயன்றார். கால் அசையவில்லை. பல்லைக் கடித்தார். அசையவில்லை. கோயில் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது.

நான் அத்தையைப் பார்த்தேன். அந்த முகத்தை அதற்குமுன் பார்த்ததில்லை. கரடிக்கும் கேலிக்கும் அசையாதவள், குழாயடிச் சிமெண்ட் மேடையில் ஈரத்தைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

"பொய் சொல்லிட்டா" என்றாள். "வலப்பக்கந்தான் உழுந்துச்சு. எங்கண்ணால பாத்தேன். பொய் சொல்லிட்டா."

யாரும் அருகில் வரவில்லை. மாமா வாக்கரில் சாய்ந்தபடி அவளைப் பார்த்தார். கொஞ்சம் மூச்சுத் திரும்பியதும் கேட்டார்.

"ஏ புள்ள. அவகிட்ட என்னன்னு கேட்ட?"

"ஆடி நோம்பிக்கு நடந்து வருவாரான்னு."

"எந்த வருசத்து ஆடி?"

அத்தை நிமிர்ந்தாள்.

"வருசத்தைச் சொன்னியா, சொல்லலியா?"

"சொல்லலீங்க..."

"எத்தனை கோரிக்கை குடுத்திருக்கறேன் நானு! தேதி போடாத கோரிக்கைய எந்த மேனேஜரும் இல்லைன்னு சொல்ல மாட்டான், ஒடனே குடுக்கவும் மாட்டான். தப்பை உன்ற பக்கம் வெச்சுக்கிட்டு அவளைப் போய்ப் பொய்யின்னு பேசற?"

"நீங்க அவளுக்குப் பரிஞ்சுக்கிட்டு வர்றீங்களா?"

"நான் யாருக்கும் பரியலை. நாயத்தைச் சொல்றேன்."

கடவுள் இல்லை என்று ஆயுள் முழுக்க வாதாடியவர் கடவுளுக்காக ஆஜரானதை அன்று லைனே வேடிக்கை பார்த்தது. அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே மூக்கு வழியாகத்தான் வந்தன.

முனியசாமி கோயிலிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "உக்காருங்க, நாலு பேரு தூக்கிட்டுப் போயி அவ முன்னால எறக்கிடறோம். வாக்குப் பலிச்ச மாதிரியும் இருக்கும்."

"தூக்கிட்டுப் போனாக் கணக்குல சேராது பூசாரி" என்றார் மாமா. "எடுத்துட்டுப் போங்க." அவர் அத்தை பக்கம் திரும்பினார். "எந்திரி. ஊட்டுக்குப் போலாம்."

"ஏத்தமுங்களே."

"ஏத்தந்தான். நீ முன்னால போ. பின்னால வந்தீன்னா என்ற காலையே பாத்துக்கிட்டு வருவ."

அத்தை முன்னால் நடந்தாள். மாமா காலைத் தேய்த்துத் தேய்த்துத் தானே ஏறினார். வழியில் பல தடவை நின்றார். நிற்கும்போதெல்லாம் நான் தேயிலையை வேடிக்கை பார்த்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்தபோது கீழே கொட்டு ஓய்ந்து வெகுநேரமாகியிருந்தது. என்னைத் தூக்குவாளியோடு கூழ் வாங்கக் கோயிலுக்கு விரட்டினார்கள். வெறும் வாளியோடு திரும்பினேன்.

"கூழ் தீந்து போச்சாம் மாமா. அண்டாவைக் கழுவிக் கவுத்துட்டாங்க."

மாமாவுக்கு வந்த கோபத்தில் இடது கைகூட லேசாக ஆடியது.

"நடந்து வர்றவனுக்கு எடுத்து வெக்கோணும்னு ஒருத்தனுக்கும் தோணலையா? போய் அந்தப் பூசாரிகிட்டச் சொல்லு. அடுத்த ஆடிக்கு நான் வந்து சேர்ற வரைக்கும் அண்டாவைத் தொறக்கக் கூடாது."