மூன்றாவது சரணம்

"இன்னாம்மா, பாட்டு அவ்ளோதானா?" என்று பந்தலுக்கு வெளியிலிருந்து குரல் கொடுத்தான் ரேடியோ செட் குப்புராஜ். கம்பத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பாஸ்டரும் பாட்டு முடிந்ததென்று நினைத்து ஜெபத்துக்கு எழுந்துவிட்டார்.

பாட்டு எங்கே முடிந்தது? ஓடிக்கொண்டுதான் இருந்தது. சவப்பெட்டிக்குள் படுத்திருந்த அருள்மேரியே போன கிறிஸ்துமஸுக்குப் பாடிய பாட்டு. மூன்றாவது சரணத்தை மட்டும் பிள்ளையைத் தூங்கவைப்பதுபோல அடங்கிப் பாடியிருந்தாள். பதிவான பாட்டுகளின் சத்த அளவைக் கடைசியாகச் சரிபார்த்து அனுப்புவதுதான் மகள் ஹெப்சிக்குத் தொழில். அம்மா தணித்துப் பாடியதை அவள் தணிவாகவே விட்டிருந்தாள். ஜன்னலை மூடிக்கொண்டு அறைக்குள் கேட்டபோது எவ்வளவு அழகாக இருந்தது! இங்கே, சேலையூர் தெருவில், ஜெனரேட்டருக்கும் பஸ் ஹாரனுக்கும் நடுவே ஒரு வார்த்தைகூட காதில் விழவில்லை.

"மூணாவது சரணம் எங்கம்மா?" என்றார் அப்பா ஜீவானந்தம். நேற்று மனைவியின் உயிர் போனதிலிருந்து அவர் வாய் திறந்தது அப்போதுதான். "அத கேட்டுட்டுதான் பெட்டிய மூடணும்."

"சவுண்ட ஏத்துடி" என்றான் அண்ணன் சாலமன். பின்னாலிருந்து ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். சாவு வீட்டில் எல்லோருமே சவுண்ட் இன்ஜினியர்கள்தான்.

"அண்ணா, அது ஏத்துற பாட்டு இல்ல."

"இப்பப் போய் தொழில் சுத்தம் பேசாத. அப்பா கேக்குறாருல்ல?"

லேப்டாப்பை மடியில் வைத்து, அந்தச் சரணத்தை மட்டும் முதல் சரணத்தின் அளவுக்கு உயர்த்தினாள். குப்புராஜ் போட்டான்.

குரல் மட்டுமா வந்தது? தணிவில் மறைந்திருந்ததெல்லாம் கூடவே எழுந்து வந்தது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அம்மா மூச்சுக்குத் திணறும் இழுப்பு, தெரு முழுக்க. ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்ட அதே இழுப்பு. பெண்கள் ஓவென்று அழுதார்கள்.

அப்பா காதைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, மறுபடியும் அவளுக்கு மூச்சு வாங்குதே. நிறுத்துங்கப்பா!"

நிறுத்தினார்கள். தெரிந்தே செய்தேனே பாவி என்று ஹெப்சி தன்னையே திட்டிக்கொண்டாள். சாலமன் தலை குனிந்து நின்றான்.

"நேரமாகுதும்மா" என்றார் பாஸ்டர்.

"ரெண்டே நிமிஷம், பாஸ்டர்."

உள்ளே ஓடி, தான் வேலைக்கு வைத்திருந்த பெரிய ஹெட்ஃபோனை எடுத்து வந்தாள். காதை முழுசாக மூடும் வகை. அப்பாவின் கைகளை மெல்ல விலக்கி அவர் தலையில் மாட்டி, பழைய பதிவை, எதையும் மாற்றாமல், அந்தச் சரணத்திலிருந்து ஓடவிட்டாள்.

தெருவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் கண்ணை மூடினார். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு பாட ஆரம்பித்தார்.

சர்ச்சில் உதட்டை மட்டும் அசைக்கிற மனிதர் அவர். இப்போது தன் சத்தம் தன் காதுக்கே எட்டாமல், தொண்டை கிழிய, சுருதி எங்கோ போக, ஒற்றை ஆளாகப் பாடினார். அவளோடு சேர்ந்து பாடுவதாகத்தான் அவருக்கு இருந்திருக்கும்.

"அப்பா, மெதுவா..." என்று சாலமன் குனிந்தான்.

ஹெப்சி அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.