மணி வரும் இடம்

என் வீட்டுக்காரர் ஆம்ப்ளிஃபயர் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை, மனிதர் இன்னும் பல்கூடத் துலக்கவில்லை. படுக்கையறை மூலையில் ஒரு மேசை, அதன்மேல் கம்ப்யூட்டர், சோப்புப் பெட்டி அளவில் இந்த ஆம்ப்ளிஃபயர், ஒரு பெரிய ஹெட்ஃபோன். அவருடைய சொர்க்கம் அவ்வளவுதான். அந்த மேசையில் ஒரு கைக்குட்டையை மடித்து வைக்கக்கூட என்னை விடமாட்டார்.

“ஒயரை மாத்தியாச்சு, காதுப் பஞ்சை மாத்தியாச்சு. இன்னும் அந்த மணி வரல. கோளாறு இதுக்குள்ளதான்.”

அவருக்குப் பிடித்த பாட்டு ஒன்றில் புல்லாங்குழல் ஓய்ந்ததும் ஒரு சின்ன மணி மூன்று தரம் ஒலிக்கும். அதற்காகவே கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார். கொஞ்ச நாளாக அந்த மணி வரவில்லையாம்.

வந்துகொண்டுதான் இருந்தது. அந்த ஹெட்ஃபோனின் வெளிப்பக்கம் வெறும் வலை. பாதிப் பாட்டு அறைக்குள் கசியும். கட்டிலில் துணி மடிக்கிற எனக்கு மணி நன்றாகவே கேட்கும், விரல் தன்பாட்டுக்கு அதோடு சேர்ந்து தட்டும். அவர் முதல் தடவை “வரல” என்றபோதே கோளாறு அவர் காதில்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தகரம் அடிக்கிற பட்டறையில் வேலை. காதில் வைக்கக் கொடுக்கிற அடைப்பானைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். “அதை வெச்சா மெஷின் பேசறது எப்படிக் கேக்கும்?” என்பார். அச்சு தேய்ந்ததைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார், அதில் அத்தனை பெருமை. அந்த மனிதரிடம் எந்த வாயால் சொல்வது?

பெட்டிக்குள் எதுவும் கருகியிருக்கவில்லை. திறந்தபடியே ஒயரைச் செருகிப் பாட்டைப் போட்டு, ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டினார்.

“நீயே கேளு. உனக்கும் வரலன்னா இதைத் தலையைச் சுத்தி எறிஞ்சிட்டு வேற வாங்கிடறேன்.”

புல்லாங்குழல் ஓய்ந்தது. அவர் என்னையே பார்த்தார். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். மணி ஒலித்தது, அவ்வளவு அழகாக.

“இல்லைங்க, வரல.”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பில் இருந்த என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மூன்றாவது தட்டைத் தட்டி முடித்திருந்தது.

பெட்டியை மூடினார். திருகுகளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக மறுபடி முடுக்க ஆரம்பித்தார்.